பன்னிரண்டு இருபதுக்குத் தலைவர் உரை

உட்காருங்கள் டீச்சர். அந்தப் பக்கம் வேண்டாம், இந்நேரத்துக்கு ஜன்னல் வெயில் முகத்தில் அடிக்கும். இப்படி, இந்தக் காகிதக் கட்டுகளுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். சாய்ந்துகொண்டாலும் பரவாயில்லை. யாரும் வந்து கேட்கப்போவதில்லை.

கடையத்திலிருந்து எந்த வண்டியில் வந்தீர்கள்? இரண்டு பத்தா? அது இரண்டு பத்துக்குப் புறப்பட்டிருக்காது. இரண்டு பதினாறுக்குப் புறப்பட்டிருக்கும். எனக்குத் தெரியும். முப்பத்தோரு வருடம் இந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவன் நான். மற்றவர்கள் பஸ்ஸைப் பார்த்து நேரம் சொல்வார்கள். நான் நேரத்தைப் பார்த்து பஸ்ஸைச் சொல்வேன்.

உங்கள் ஊரில் புதிதாக வாசகர் வட்டம் தொடங்கியிருக்கிறீர்கள். தொடக்க விழாவுக்கு யாரைப் பேசக் கூப்பிடுவது, நிகழ்ச்சி நிரலை எப்படிப் போடுவது என்று கேட்டு வந்திருக்கிறீர்கள். நல்லது. என் முகவரியை யார் கொடுத்தார்கள்?

கண்ணாடிக் கடையிலா? பஜாரில் இருக்கிற மூக்குக் கண்ணாடிக் கடையிலா? கடையில் யார், உயரமாக, காதோரம் நரைத்து, சிரிக்காமலே சிரிப்பது போல ஒரு முகமா?

என்ன சொன்னான்?

"கோமதிநாயகத்தைப் பாருங்க, அவருக்குத் தெரியாதது கிடையாது" என்றானா? அவ்வளவுதானா? வேறு ஒன்றும் சொல்லவில்லையா? நன்றாக யோசித்துப் பாருங்கள். சரி, விடுங்கள். அவன் பேச்சு நமக்கு எதற்கு?

உலகு, டீச்சருக்குக் காப்பி கொண்டு வா. சர்க்கரை போடலாமா டீச்சர்? போடலாமாம்.

முதல் பாடத்தை எழுதிக்கொள்ளுங்கள். பேச்சாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் என்ன பேசுவார் என்று விசாரிக்காதீர்கள். எப்போது நிறுத்துவார் என்று விசாரியுங்கள். எங்கள் செவ்வந்தி வாசகர் மன்றத்துக்கு நான் இருபது வருடம் நிகழ்ச்சிச் செயலாளர். பூச்சந்தை மாடியில் தொடங்கிய மன்றம், அதனால் அந்தப் பெயர். மாதம் ஒரு கூட்டம், வருடம் ஒரு ஆண்டு விழா. இந்த ஏடுகளைப் பாருங்கள். இருநூற்றுப் பதினான்கு பேச்சாளர்கள் இதில் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். கேட்ட நேரம், கொடுத்த நேரம், எடுத்த நேரம். "இருமுவார். இரண்டு நிமிடம் கூடுதல்." "வணக்கம் சொல்வதற்கே நான்கு நிமிடம். மேடையில் மூன்று பேருக்கு மேல் இருந்தால் அழைக்க வேண்டாம்." "இறுதியாக என்று ஐந்து முறை சொல்வார். முதல் நான்கை நம்ப வேண்டாம்." இப்படி எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, சீட்டு. இதோ. நானே அச்சடித்தது. மஞ்சள் சீட்டு: "இன்னும் ஐந்து நிமிடம்." ரோஸ் சீட்டு: "முடிக்கவும்." முதலில் மஞ்சள், பிறகு ரோஸ். பேசுகிறவர் முன்னால் மெதுவாக வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். முகத்தைப் பார்க்கக்கூடாது. பார்த்தால் இரக்கம் வரும்.

எங்கள் மன்றத்தில் ரோஸ் சீட்டுக்குத் தப்பியவர் கிடையாது. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், வாக்கியத்தின் நடுவில் இருந்தார். நிறுத்தினேன். ஒரு கவிஞர் மேடையிலேயே கண் கலங்கினார். நிறுத்தினேன். ஒருவர் தன் தாயாரைப் பற்றிப் பேசினார். ஆஸ்பத்திரி, கடைசி நாட்கள் என்று உருக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. இருபத்தைந்து நிமிடம் கொடுத்திருந்தேன். இருபத்தைந்தாவது நிமிடத்தில் தாயார் இன்னும் உயிரோடு இருந்தார். நான் என்ன செய்ய முடியும்? ரோஸ் சீட்டை வைத்தேன். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு எங்கள் ஊர்ப் பக்கமே வரவில்லை. ஒரு வருத்தமும் கிடையாது எனக்கு. விதி என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான்.

எனக்கு மட்டும்தான் விதி வேறாக இருந்தது. அதைச் சொன்னால்தான் உங்களுக்கு இந்த வேலையின் முழு விவரமும் புரியும்.

இருபது வருடத்தில் நான் ஒருமுறைகூடப் பேசியதில்லை டீச்சர். அறிமுகம் படிப்பேன், அவ்வளவுதான். போன வருடம் இருபதாம் ஆண்டு விழா வந்தது. மன்றத் தலைவர் குற்றாலலிங்கம். அதுதான், கண்ணாடிக் கடை. அப்போது எனக்கு அவர். இப்போது அவன். மாலையில் தினமும் அவர் கடையில்தான் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"வே கோமதி, எத்தனை வருசம்வே அடுத்தவனையே பேச வச்சிக்கிட்டு இருப்பீரு? இந்தத் தடவை நீரு பேசும்."

"நான் என்னத்தைப் பேச?" என்றேன்.

"உமக்குத் தெரிஞ்சதைப் பேசும். நேரத்தைப் பத்திப் பேசும்."

அவ்வளவுதான் சொன்னார். நான் எட்டு மாதம் உழைத்தேன். "இலக்கியத்தில் நேரம்" என்று தலைப்பு. பொழுது, நாழிகை, நிலவைப் பார்த்து மணி சொல்வது, சேவல் கூவுவது, எல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து சேர்த்தேன். நாற்பத்திரண்டு பக்கம். எனக்கு நானே இருபது நிமிடம் போட்டுக்கொண்டேன். சலுகை எடுத்துக்கொள்ளக்கூடாது அல்லவா?

மாலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தேன். சபை நிறைந்திருந்தது. நான் நன்றாகப் பேசினேன் டீச்சர். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சபையில் ஒரு அசைவு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். பெண்கள் பகுதியில் மட்டும் சின்ன சலசலப்பு. நான் சொன்ன ஒரு மேற்கோளைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

"பஸ்ஸைப் பத்திப் பேசிக்கிட்டாங்க டீச்சரம்மா."

உலகு, காப்பியை வைத்துவிட்டுப் போ. இவள் உலகம்மாள், என் மனைவி. அன்றைக்கு இவளும் இருந்தாள்.

"ஆமா, இருந்தேன். இவுக பேச ஆரம்பிக்கும்போது வெயிலு அடிச்சுது. முடிக்கும்போது லைட்டு போட்டாச்சு."

மேகம் போட்டிருந்தது. அதனால் லைட் போட்டார்கள். போ உள்ளே.

நான் பதினான்காம் பக்கத்தில் இருந்தேன். அப்போதுதான் விஷயத்துக்கே வந்திருந்தேன். தலைவர் நாற்காலியிலிருந்து லிங்கம் எழுந்தான். சிரித்துக்கொண்டே வந்தான். என் முன்னால் ஒரு சீட்டை வைத்தான்.

ரோஸ்.

மஞ்சள் இல்லை டீச்சர். நேராக ரோஸ். நான் கண்டுபிடித்த சீட்டு, நான் அச்சடித்த சீட்டு, அதையே எனக்கு. மஞ்சள் கொடுக்காமல் ரோஸ் கொடுத்தது எங்கள் மன்றத்தில் அதுவரை கிடையாது. ஒரு குற்றவாளிக்குக்கூட முதலில் நோட்டீஸ் கொடுக்கிறார்கள். நான் நிறுத்தினேன். பலத்த கைதட்டல். அப்படி ஒரு கைதட்டலை அந்த மண்டபம் அதற்கு முன் கேட்டதில்லை. அதைக் கேட்ட பிறகாவது அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும், சபை இன்னும் கேட்கத் தயாராக இருந்தது என்று.

மூன்று நாள் கழித்து உலகம்மாள் என் உரைத் தாள்களைப் பெட்டியில் வைக்கும்போது பதினோராம் பக்கத்தில் ஒரு மஞ்சள் சீட்டு இருந்ததாகச் சொன்னாள். பார்த்தேன். இருந்தது. மேலே டம்ளர் வைத்த வட்டத் தடம் வேறு. யாரோ பிறகு செருகியிருக்கிறார்கள். வேறு எப்படி வரும்? இருபது வருடம் அடுத்தவருக்குச் சீட்டு வைத்தவன் நான். என் முன்னால் சீட்டு வைத்தால் எனக்குத் தெரியாதா?

அன்றைக்கே முடிவு செய்தேன். இவனை ஒருநாள் இதே சபையில் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மட்டும் போதாது. ஆளில்லாத சபையில் பேச வைத்து நிறுத்த வேண்டும்.

கோபித்துக்கொண்டு போயிருக்கலாம், செயலாளர் பதவியைத் தூக்கி எறிந்திருக்கலாம் என்று நினைப்பீர்கள். அது விவரம் தெரியாதவர்கள் செய்வது. நிரல் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் எல்லாம் இருக்கிறது. தினமும் கண்ணாடிக் கடைக்குப் போனேன். தினமும் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை காட்டிக்கொள்ளவில்லை. பதினொரு மாதம்.

இந்த வருட ஆண்டு விழாவுக்கு நிரல் போட உட்கார்ந்தேன். எழுதிக்கொள்ளுங்கள் டீச்சர், இது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. ஒரு பேச்சாளரைக் கொல்வதற்கு மூன்று வழி உண்டு.

ஒன்று, பரிசளிப்பு. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி, ஒப்புவித்தல் போட்டி வைத்தால் சபை நிறையும். ஒரு பிள்ளைக்குப் பின்னால் மூன்று பேர் வருவார்கள். பரிசு வாங்கியதும் மூன்று பேரும் எழுந்துவிடுவார்கள். வெளியே நின்று போட்டோ எடுப்பார்கள், அப்படியே போய்விடுவார்கள். பரிசளிப்பு எப்போதும் கடைசியில்தான் இருக்க வேண்டும். நான் அதைப் பதினொன்று இருபதுக்குப் போட்டேன். நாற்பத்தாறு பிள்ளைகள்.

இரண்டு, சிரிக்க வைப்பவர். விளாத்திகுளம் ஜெபக்கனி என்று ஒரு அம்மாள். பட்டிமன்றத்தில் பேசுவார்கள். மாமியாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மாமியார்களே விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர்களுக்குப் பிறகு யார் எழுந்து நின்றாலும் துக்க வீட்டில் பேசுவது போல இருக்கும். ஜெபக்கனியைப் பதினொன்று ஐம்பதுக்குப் போட்டேன்.

மூன்று, சாப்பாடு. பன்னிரண்டே காலுக்குச் சாப்பாடு வரவேண்டும் என்று சமையல்காரரிடம் சொன்னேன். சாம்பார் வாளி எல்லாம் மண்டபத்தின் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போகட்டும், முன்பக்கம் கோலம் அழிந்துவிடும் என்றேன். காற்றுக்காக அந்தக் கதவைத் திறந்தே வைக்கச் சொன்னேன்.

பன்னிரண்டு இருபதுக்கு, தலைவர் உரை.

செயற்குழுவில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொன்னேன். பிள்ளைகளுக்குப் பசிக்கும், பரிசைச் சீக்கிரம் கொடுத்துவிடுவோம். சரி என்றார்கள். ஜெபக்கனி அம்மாளுக்கு மூன்று மணிக்குச் சிவகாசியில் கூட்டம். சரி என்றார்கள். தலைவர் உரை நிறைவாக இருந்தால் கௌரவமாக இருக்கும். ரொம்பச் சரி என்றார்கள்.

லிங்கம் நிரலைக் கண்ணாடியை உயர்த்திப் படித்தான். அவனும் இருபது வருடம் கூட்டம் பார்த்தவன். புரியாமல் இருக்குமா?

"உமக்குத் தெரியாததா? போட்டுக்கிடும்" என்றான். பிறகு, "ஒண்ணே ஒண்ணு. நான் பேசும்போது நீரு மேடையில இருக்கணும்" என்றான்.

"நிச்சயமாக இருப்பேன்" என்றேன். வேறு எங்கே இருப்பேன்?

"தலைப்பு என்ன?" என்று கேட்டேன். அழைப்பிதழில் போட வேண்டுமே.

"தலைப்பைப் பெறகு சொல்லுதேன்வே. சும்மா தலைவர் உரைன்னு போடும்."

தலைப்புக்கூடத் தயாரிக்காமல் வருகிறான், நம் வேலை இன்னும் எளிது என்று நினைத்தேன்.

அன்றைக்கு எல்லாம் நான் எழுதியபடி நடந்தது டீச்சர். பஸ்கள்கூட எனக்கு அவ்வளவு கீழ்ப்படிந்ததில்லை. காலையில் முந்நூறு பேர். பரிசளிப்பு முடிந்ததும் கூட்டம் பாதியாகிவிட்டது. ஜெபக்கனி அம்மாள் எழுந்தார்கள். மண்டபமே குலுங்கியது. அவர்களுக்கு முப்பது நிமிடம். முப்பதாவது நிமிடத்தில் என் கை சட்டைப் பையில் இருந்த சீட்டுக்குப் போனது. வெளியே எடுக்கவில்லை. பேசட்டும் என்று விட்டேன். இருபத்தொரு வருடத்தில் சீட்டு வாங்காமல் பேசிய ஒரே ஆள் அவர்கள்தான். பதினான்கு நிமிடம் கூடுதலாகப் பேசினார்கள். அதற்குள் பக்கவாட்டுக் கதவு வழியாக வாளிகள் போக ஆரம்பித்துவிட்டன. அப்பளம் பொரிக்கிற வாசம் நேராக முதல் வரிசைக்கு வந்தது. ஜெபக்கனி அம்மாள் கும்பிட்டார்களோ இல்லையோ, நாற்காலிகள் எல்லாம் ஒரே சத்தமாக நகர்ந்தன.

லிங்கம் மைக்குக்கு முன்னால் வந்து நின்றபோது மணி பன்னிரண்டு முப்பத்து நான்கு. நான் மேடையில் இருந்தபடியே எண்ணினேன். பதினோரு பேர். அதில் இரண்டு பேர் தூக்கம். ஒருவர் செருப்பைக் காணாமல் நாற்காலிக்குக் கீழே தேடிக்கொண்டிருந்தார். உலகம்மாள் மூன்றாவது வரிசையில், எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள். இவளுக்குச் சாப்பாடு வேண்டாமா என்று நினைத்துக்கொண்டேன். ஓரத்தில் மைக் செட் மைதீன் பாய்.

அவன் சபையைப் பார்த்தான். திரும்பி என்னைப் பார்த்தான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

கோபப்படுவான், திணறுவான், இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் முந்நூறு பேர் இருப்பது போலவே ஆரம்பித்தான்.

"இருபத்தோரு வருசத்துக்கு முன்னால நம்ம மன்றத்தோட முதல் கூட்டம். பூச்சந்தை மாடி. வந்தவங்கள்ல பதினேழு பேரு பொம்பளைங்க. அன்னைக்குப் பேச வந்தவரு நல்ல அறிஞர். ஆனா நிறுத்தத் தெரியலை. கூட்டம் முடியும்போது கடைசி பஸ்ஸு போயிட்டு. பதினேழு பேரும் எப்படி வீட்டுக்குப் போனாங்க, வீட்டுல என்ன பதில் சொன்னாங்கன்னு நமக்குத் தெரியாது. அடுத்த மாசம் ஒரு பொம்பளைகூட வரலை. அதுக்கு அடுத்த மாசமும் வரலை. இனிமே இது ஆம்பளைங்க மன்றம்தான்னு நெனைச்சோம். அப்பம் ஒருத்தர் வந்தாரு..."

மணி பன்னிரண்டு நாற்பது.

நிரலில் என்ன போட்டிருக்கிறது? பன்னிரண்டு இருபது முதல் பன்னிரண்டு நாற்பது வரை தலைவர் உரை. வண்டி தாமதமாக வந்தால் அது வண்டியின் பாடு. புறப்படும் நேரம் மாறாது. எழுந்து போனேன். அவன் முன்னால் வைத்தேன்.

ரோஸ்.

மஞ்சள் கொடுக்கவில்லை. எனக்குக் கொடுத்தானா?

இந்த முறை முகத்தைப் பார்த்தேன். பதினொரு மாதமாக அந்த முகத்துக்காகத்தான் காத்திருந்தேன். அவன் சீட்டை எடுத்துப் படித்தான். ஒரே வார்த்தை போட்டிருக்கிற சீட்டை எவ்வளவு நேரம் படிப்பது? பிறகு மைக்கில் சொன்னான்:

"நேரம் ஆயிட்டுன்னா ஆயிட்டுதான். விதியைப் போட்டவரே வச்சிருக்காரு. நன்றி, வணக்கம்."

போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அவ்வளவுதான் டீச்சர். ஆறே நிமிடம். நான் ஜெயித்துவிட்டேன். எனக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது. சாப்பிடப் போகலாம் என்று எழுந்தேன்.

அப்போது மைதீன் பாய் மேடைக்கு வந்தார். வயரைச் சுற்றிக்கொண்டே கேட்டார்:

"அண்ணாச்சி, இந்த மேசையில பட்டுத்துணி போட்டு மூடி வச்சிருக்கே. தலைவரு பேச்சு முடியும்போது தெறக்கணும்னு சொன்னாரு. தெறக்கவா, வேண்டாமா?"

காலையிலிருந்து அந்த மேசை அங்கேதான் இருந்தது. கேடயங்கள் என்று நினைத்திருந்தேன். பாயே துணியை எடுத்தார்.

புத்தகங்கள். மெல்லிய புத்தகங்கள், அடுக்கடுக்காக. அட்டையில், "இலக்கியத்தில் நேரம்". அதற்குக் கீழே, "வே. கோமதிநாயகம்".

என் உரை. நாற்பத்திரண்டு பக்கமும். முந்நூறு பிரதி. சபையில் இருக்கிற ஒவ்வொருவர் கையிலும் ஒன்று கொடுப்பதாக ஏற்பாடாம்.

நான் லிங்கத்தைத் தேடினேன். அவன் நாற்காலியில் இல்லை. சாப்பிடாமலே போய்விட்டான்.

"என் கையெழுத்துப் பிரதி அவனுக்கு எப்படிக் கிடைத்தது?" என்று மேடையில் நின்றே கத்தினேன்.

மூன்றாவது வரிசையிலிருந்து பதில் வந்தது. "நான்தான் குடுத்தேன். அவரு ஆறு மாசம் முன்னாலயே வந்து கேட்டாரு. ஒங்களுக்குத் தெரியக்கூடாதுன்னாரு."

பாருங்கள், வீட்டுக்குள்ளேயே ஆள் வைத்திருக்கிறான்.

டீச்சர், நீங்களும் மைதீன் பாய் மாதிரியே பார்க்கிறீர்கள். அவரும் அன்றைக்கு இப்படித்தான் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, அவரு ஒங்களைப் பத்திப் பேசத்தானே ஆரம்பிச்சாரு" என்றார். எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும். நன்றாக யோசியுங்கள். நிரலைப் பார்த்தபோதே அவனுக்குத் தெரியும், பன்னிரண்டு இருபதுக்குச் சபையில் ஆள் இருக்காது என்று. தெரிந்தும் ஏன் சம்மதித்தான்? "கோமதி, நேரத்தை மாத்தும், ஒரு முக்கியமான காரியம் இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லவில்லை. பதினோரு பேர் முன்னால் என் புத்தகத்தை வெளியிட்டு என்னை அவமானப்படுத்தத் திட்டம் போட்டிருக்கிறான். நல்லவேளை, நான் முந்திக்கொண்டேன்.

பேசத் தெரிந்தவனாக இருந்தால் முதல் நிமிடத்திலேயே பெயரைச் சொல்லியிருப்பான். "அப்பம் ஒருத்தர் வந்தாரு" என்றான். யார் அந்த ஒருத்தர்? சொல்ல அவனுக்கு ஆறு நிமிடம் இருந்தது. சொன்னானா? அதற்குப் பிறகு என்ன சொல்வதாக இருந்தான்? அந்தப் பதினேழு பேரும் திரும்பி வந்தார்களே, ஏன் வந்தார்கள் என்று சொல்வதாக இருந்தானா? கூட்டம் ஏழரைக்கு முடியும் என்றால் முடியும், அடித்தாலும் ஏழு முப்பத்தொன்று ஆகாது என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தார்களே, அதைச் சொல்வதாக இருந்தானா? எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன ஜோசியனா?

மறுநாளே பதவியை ராஜினாமா செய்து கடிதம் கொடுத்தேன். கண்ணாடிக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ராஜினாமாவை அவன் இன்னும் ஏற்கவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி ஒரு வெற்று நிரல் தாள் வருகிறது. மேலே மன்றத்தின் பெயர் மட்டும் இருக்கும், மற்றதெல்லாம் காலி. நான் நிரப்பி அனுப்ப வேண்டுமாம். திருப்பி அனுப்பிவிடுகிறேன். நான்கு மாதமாகக் கூட்டம் எட்டரை மணிக்கு முடிகிறது என்று கேள்வி. பெண்கள் வருவது குறைந்துவிட்டதாம். குறையட்டும். அவன் அனுபவிக்கட்டும்.

புத்தகங்களா? நீங்கள் சாய்ந்திருப்பது அதன்மேல்தான். இருநூற்றுத் தொண்ணூற்று எட்டு இருக்கிறது. ஒன்று மைதீன் பாய் எடுத்துக்கொண்டார். ஒன்று உலகம்மாள் வைத்திருக்கிறாள். ஒரு அச்சுப்பிழைகூட இல்லை டீச்சர். மூன்று முறை தேடிப் பார்த்தேன். பகைவன் ஒரு பிழையாவது விட்டிருக்கலாம். முன்னுரை அவன் எழுதியது. அதை நான் படிக்கவில்லை. படிக்கவும் மாட்டேன். இரண்டாம் பத்தியில் என்னைப் "பொறுமையானவர்" என்று எழுதியிருக்கிறான். அது கேலி. நான்காம் பத்தியில், "அவருக்கு ரோஸ் சீட்டு வைத்த கை இது, அன்று இரவு தூங்கவில்லை" என்று எழுதியிருக்கிறான். தூங்காமல் என்ன செய்தான்? அடுத்த சூழ்ச்சியை யோசித்திருப்பான்.

சரி. இப்போது உங்கள் விழாவுக்கு வருவோம். பேனாவை எடுங்கள்.

சிறப்புரைக்கு ஆள் வேண்டும் என்றீர்கள். குற்றாலலிங்கத்தைக் கூப்பிடுங்கள்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? காரணமாகத்தான் சொல்கிறேன். அவன் என்னிடமிருந்து ஆறு நிமிடத்தில் தப்பித்துவிட்டான். நன்றி வணக்கம் என்று சொல்லி நழுவிவிட்டான். இந்த முறை நழுவ விடக்கூடாது. நான் சொல்கிறபடி போடுங்கள்.

மத்தியானம் வேண்டவே வேண்டாம். காலை பத்தரை. டிபன் சாப்பிட்டு எல்லாரும் தெளிவாக இருக்கிற நேரம். அவனுக்கு முன்னால் யாரும் வேடிக்கையாகப் பேசக்கூடாது. வரவேற்புரை மட்டும், அதுவும் மூன்று நிமிடம். பரிசளிப்பு அவனுக்குப் பிறகுதான். பிள்ளை பரிசு வாங்கும்வரை ஒரு தாய் எழுந்து போக மாட்டாள். ஒரு மணிக்கு முன்னால் சாப்பாட்டு வாளி எதுவும் மண்டபத்தை எட்டிப் பார்க்கக்கூடாது. பக்கவாட்டுக் கதவு இருக்கிறதா? பூட்டிவிட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிடுங்கள். எத்தனை பேர் வருவார்கள்? நூற்றைம்பதா? போதாது. பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் சொல்லுங்கள். எங்கள் மன்றத்துப் பெண்கள் எல்லாருக்கும் நானே கடிதம் எழுதுகிறேன். பத்து மணி வண்டியில் வந்தால் சரியாக இருக்கும்.

தலைப்பை அவனிடம் விடாதீர்கள். நாம் கொடுக்க வேண்டும். "பூச்சந்தை மாடிக்கு வந்த ஒருத்தர்". ஆமாம், அப்படியே எழுதுங்கள். விட்ட இடத்திலிருந்து அவன் ஆரம்பிக்க வேண்டும். யார் வந்தார், வந்து என்ன செய்தார், அதனால் என்ன ஆயிற்று, எல்லாவற்றையும் நிறைந்த சபையில் அவன் வாயாலேயே சொல்லியாக வேண்டும். பெயரோடு சொல்ல வேண்டும். எங்கேயும் ஓட முடியாது. அதுதான் அவனுக்கு நான் கொடுக்கிற தண்டனை.

உலகு, அங்கே உள்ளே என்ன சிரிப்பு?

எத்தனை நிமிடமா? நல்ல கேள்வி கேட்டீர்கள் டீச்சர். மற்ற எல்லாருக்கும் நிமிடம் போடுங்கள், கண்டிப்பாகப் போடுங்கள். அவன் பெயருக்கு எதிரே பத்தரை என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த கட்டத்தைக் காலியாக விடுங்கள். பேசட்டும். தொண்டை வறளும்வரை பேசட்டும். நான் முதல் வரிசையில் அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பேன். என் கையில் ஒன்றும் இருக்காது.